பாட்டின் நடுவில் எழுந்து நின்ற அரங்கம்

வேலை மாறி டெக்சஸுக்குப் போகிறேன். ரிச்சர்ட்சனில் அபார்ட்மென்ட் பார்த்தாகிவிட்டது. ஆகவே இந்த பே ஏரியா தமிழ்ச் சங்க மேடையிலிருந்து எனக்கு ஓய்வு. முப்பத்தொரு வயதில் ‘ஓய்வுபெற்ற தொகுப்பாளர்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் அடுத்து மைக் பிடிக்க வரும் உங்களுக்கு ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போ என்று கேட்டுக்கொண்டார்கள். நிரல் போடுவது, பெயர்களைச் சரியாக உச்சரிப்பது, பரதநாட்டியக் குழந்தைகளை வரிசையில் நிறுத்துவது எல்லாம் இரண்டு விழாக்களில் கைவந்துவிடும். அவற்றை எழுதப்போவதில்லை. மைக் கையில் இருக்கும்போது எப்போது பேசாமல் இருப்பது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது எனக்கு எளிதாக வராத விஷயம். என்னோடு ஒருமுறை காரில் போனவர்களுக்குத் தெரியும்.

எனக்கு முன் இந்த மேடையில் தொகுப்பாளராக இருந்தவர் இப்போது சுகர் லேண்டில் இருக்கிறார். பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது இரண்டே விதிகள் சொன்னார். முதலாவது, மேடை சும்மா இருக்கக்கூடாது. “சைலன்ஸ் வந்துச்சுன்னா ஜனங்க முதல்ல போனை எடுப்பாங்க, அப்புறம் எந்திரிச்சு சாப்பாட்டு லைனுக்குப் போயிடுவாங்க. எதையாவது பேசிட்டே இரு.” ஒருமுறை நடனத்துக்கான பாட்டு ஒலிக்காமல் மாட்டிக்கொண்டபோது அவர், “வெளியே விளக்கு எரியும் வெள்ளைக் கார் யாருடையது?” என்று அறிவித்தார். அப்படி ஒரு காரே இல்லை. பாதி அரங்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்வதற்குள் பாட்டு தயாராகிவிட்டது.

இரண்டாவது விதி பொன்னாடை. பேச்சாளர் நிறுத்தவில்லை என்றால் பொன்னாடையை அனுப்ப வேண்டும். இதை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சங்க இலக்கியத்தில் ஐந்திணை பற்றிப் பேச வந்த ஒருவர் குறிஞ்சி முடித்து, முல்லை முடித்து, மருதத்துக்குள் காலை வைத்தபோது சாம்பார் வாசனை அரங்குக்குள் வந்துவிட்டது. நம் செயலாளர் ரமேஷ் அங்கிள் புன்னகையோடு மேடையேறினார். பட்டுத் துணியை விரித்தார், தோளில் போட்டார், கைதட்டல் எழுந்தது. பேச்சாளர் கைகூப்பி நன்றி சொல்லி இறங்கினார். நெய்தலும் பாலையும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தோளில் பொன்னாடை விழுந்த பிறகு எந்தத் தமிழரும் பேச்சைத் தொடர்ந்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் அவமானமில்லை, எல்லோருக்கும் சாப்பாடு.

இந்த இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டு நான் நன்றாகவே சமாளித்தேன். ஒரு பொங்கல் விழாவில் இரண்டும் ஒரே நேரத்தில் எனக்கு எதிராக வந்து நின்றன.

நாம் எல்லோரும் மளிகை வாங்கப் போகும் பிளாசா உங்களுக்குத் தெரியும். மாணிக்கம் அங்கிள் கடை இருக்கும் அதே இடம். கறிவேப்பிலை வாங்க ஒரு சனிக்கிழமை போனபோது, தள்ளுவண்டிகளைத் திரும்ப விடும் கம்பிக் கொட்டகைக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மரக்குச்சி, பாதிக்கு மேல் இரண்டாகப் பிளந்தது. அதை உள்ளங்கையில் தட்டினால் இரண்டு பாதியும் மோதி ஒலிக்கும். நின்று கேட்டேன். காரில் வைத்த ஐஸ்கிரீம் கரைந்துபோகும்வரை நின்றேன்.

நடுவில் நின்று பாடியவரை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது பாட்டு முடிந்த பிறகுதான் புரிந்தது. முகக்கவசம் இல்லாமல் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவர் பெயர் கார்மென். நம்மில் பாதிப் பேர் போகும் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவர். என்னைப் பார்த்ததும், “கீழ்வரிசை, இடது பக்கம், காபிக் கறை!” என்று சிரித்தார். பிறகு சொன்னார்: “உங்க ஆளுங்க எல்லாருக்குமே காபிக் கறைதான்.”

அந்தப் பிளாசா நிற்கும் இடம் ஒரு காலத்தில் பெரிய கிளிஞ்சல் மேடு. இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். மேட்டைச் சமன்படுத்திக் கடைகள் கட்டினார்கள். தார் ஊற்றிய அன்று, அந்த மக்களில் ஒருவரான கார்மெனின் அம்மா வேலிக்கு வெளியே தனியாக நின்று ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். பிறகு வாராவாரம் வந்தார். அவர் இறந்த பிறகும் பாட்டு வாராவாரம் வருகிறது. இப்போது மீதியிருக்கும் பின்பக்கத்துக் காலி நிலத்தில் புதுக் கட்டடம் கட்ட ஒரு நிறுவனம் நகர மன்றத்தில் அனுமதி கேட்டிருந்தது.

எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் விடமாட்டேன். அதற்குப் பிறகு பல வாரங்கள் ஃப்ரீவேயில் இப்படிப்பட்ட பாட்டுகளையே கேட்டுக்கொண்டு போனேன். அணைக்காகத் தங்கள் பள்ளத்தாக்கை இழந்தவர்களுடையவை, எண்ணெய்க் குழாயை மறித்து நின்றவர்களுடையவை, நம் ஊரில் காட்டைவிட்டு இறங்க மறுத்த மலைமக்களுடையவை. எதிர்ப்புப் பாட்டு என்றால் முழக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நான் கேட்டவற்றில் பெரும்பாலும் இடங்கள்தான் இருந்தன. ஓடையின் பெயர், அதன் வளைவின் பெயர், எந்த மரத்தடியில் யார் வீடு, எந்தக் கரையில் எந்தக் குடும்பம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டிய விவரமெல்லாம் பாட்டில் இருந்தது. குழந்தைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த தலைமுறை போராட வந்து நிற்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

பொங்கலுக்கு கார்மெனைப் பாட அழைக்கலாம் என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். மண்ணுக்கு நன்றி சொல்லும் விழா, இந்த மண்ணுக்காரர்களே வந்தால் நன்றாக இருக்கும் என்றேன். எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். கார்மென்தான் தயங்கினார்.

“போன வருஷம் ஒரு திருவிழாவுல பாடினேன். பாட்டுக்கு நடுவுல ஒரு மௌனம் வரும். பேர் தெரியாம கீழ இருக்கறவங்களுக்காக அம்மா வெச்சது. மேடையில யாராவது அதை உடைச்சா பாட்டு அன்னிக்கு அவ்வளவுதான், மறுபாதியைப் பாட மாட்டோம். அங்க இருந்த தொகுப்பாளர் முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு ஓடி வந்து தேங்க்யூ சொல்லிட்டான். குச்சியை எடுத்துக்கிட்டு வந்துட்டோம். அதுலேருந்து வெளி மேடையே வேண்டாம்னு இருக்கேன்.”

அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன். இருந்தும் இந்த முறை ஏன் வர நினைக்கிறார் என்பதையும் சொன்னார். முதல் பாதி அவர்களுடைய மொழியில். மறுபாதி ஆங்கிலத்தில், கேட்க வேண்டியவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அவர் அம்மா கட்டியது. விழா முடிந்த செவ்வாய்க்கிழமை நகர மன்றத்தில் விசாரணை. அந்தப் பிளாசாவில் வண்டி நிறுத்துகிறவர்களில் அதிகம் பேர் நாம்தான். நாம் அந்த மறுபாதியைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவர் வந்தார். “நீ மௌனத்தைப் பாத்துக்கோ. பாட்டை நான் பாத்துக்கறேன்” என்றார். சரி என்றேன்.

விழா அன்று நாம் வழக்கம்போல் ஒரு மணி நேரம் தாமதம். குழந்தைகள் வேட்டி அவிழ்ந்தும் ஜடை கலைந்தும் முன்வரிசையில் நெளிந்துகொண்டிருந்தார்கள். “எங்க பொண்ணு ஐட்டம் எப்பம்மா?” என்று ஒவ்வோர் அம்மாவும் என்னைப் பிடித்து நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ரமேஷ் அங்கிள் என்னைப் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“தீபா, இந்தப் பாட்டுல நம்ம பிளாசா வருதாமே?”

“ஆமா அங்கிள்.”

“மாணிக்கம் சார் ஃப்ரன்ட் ரோல உக்காந்திருக்காரும்மா! மெயின் ஸ்பான்சர். அந்தப் புது பில்டிங் வந்தா அவர் கடை டபுள் சைஸ் ஆகப்போகுது. அவர உக்கார வெச்சு இதப் பாடினா நல்லாவா இருக்கும்? அந்த இங்கிலீஷ் பார்ட்ட மட்டும் ஸ்கிப் பண்ணச் சொல்லேன். மைக் செக்ல கேட்டேன், அவங்க லாங்வேஜ் பார்ட் ரொம்ப அழகா இருக்கு, அது போதும்.”

“அழகா இருக்குன்னா, புரியலைன்னு அர்த்தமா அங்கிள்?”

“குதர்க்கம் பேசாத. போய்ச் சொல்லு.”

“என்னால முடியாது. வேணும்னா நீங்களே சொல்லுங்க.”

போனார். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“சொன்னீங்களா?”

“டீ வேணுமான்னு கேட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எனக்குப் பல் க்ளீன் பண்ற ஹைஜீனிஸ்ட்டே அவங்கதாம்மா. என்னப் பாத்ததும், தெனம் பல்லிடுக்குல நூல் விட்டு ஃப்ளாஸ் பண்றீங்களான்னு கேட்டுட்டாங்க. அதுக்கு மேல எப்படிப் பேசறது?”

பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு மேடைக்குப் போய் கார்மெனை அறிமுகம் செய்தேன். நடுவில் மௌனம் வரும், கைதட்ட வேண்டாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். நம் விழாக்களில் தொகுப்பாளர் பேசுவதை யாரும் கேட்பதில்லை என்பதை நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள்.

கார்மெனும் அவருடைய இரண்டு தங்கைகளும் நின்று குச்சிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். முதல் பாதி மெதுவாகத்தான் ஏறும். குழந்தைகளின் சத்தம் அடங்கியது. நான் மைக்கோடு மேடையின் ஓரத்தில் நின்றேன். மெல்ல மெல்லக் குச்சிகளின் ஒலி இறங்கி, நின்றது. கார்மென் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது எதிர்ப்பக்கத் திரையிலிருந்து ரமேஷ் அங்கிள் வெளியே வந்தார். இரண்டு கையிலும் விரித்த பொன்னாடை. அரக்குச் சிவப்பு, தங்கக் கரை. முகத்தில் அந்த ஐந்திணைப் புன்னகை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாட்டு முடிந்தது போல மரியாதை செய்துவிட்டால் மறுபாதிக்கு இடமே இல்லை. மாணிக்கம் அங்கிள் மனமும் நோகாது, கார்மெனுக்கும் பட்டுத் துணி, யாரும் யாரையும் தடுத்ததாக ஆகாது. பொன்னாடையைப் பார்த்ததும் பின்வரிசையில் கைதட்டல் ஆரம்பித்தது.

நான் என்ன செய்யலாம்? “அங்கிள், நில்லுங்க” என்று மைக்கில் சொன்னால் மௌனத்தை உடைத்தது நானாக இருப்பேன். ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்தால் அரங்கமே சிரிக்கும். சும்மா நின்றால் இன்னும் நான்கு எட்டில் பொன்னாடை கார்மென் தோளில் இருக்கும். வாய்க்குள் வார்த்தைகள் வரிசையில் நின்றன. கை தானாக மைக்கை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது.

எப்படித் தோன்றியது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. குனிந்து மைக்கைத் தரையில் வைத்தேன். மேடையின் முன்னால், வெளிச்சம் விழும் இடத்துக்கு வந்தேன். இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு தலை குனிந்து நின்றேன்.

நம் ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்து பொதுக்கூட்டம் வரை அந்த நிலையை எத்தனை முறை பார்த்திருப்போம். மௌன அஞ்சலி. அதற்கு அறிவிப்பே தேவையில்லை. ஒருவர் அப்படி நின்றால் மற்றவர் உட்கார்ந்திருக்க முடியாது, கைதட்ட முடியாது.

முதல் வரிசையில் ஓர் ஆன்ட்டி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். பக்கத்திலிருந்தவர் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

“யாருடி போயிட்டா?”

“தெரியல. எந்திரி.”

நாற்காலிகள் படபடவென்று மடங்கும் ஒலி முன்னாலிருந்து பின்னால் பரவியது. கைதட்டல் வெட்கப்பட்டது போல நின்றுபோனது. ஓரக்கண்ணால் பார்த்தேன். ரமேஷ் அங்கிள் மேடையின் நட்டநடுவில் ஒரு காலை முன்னால் வைத்தபடி உறைந்திருந்தார். மௌன அஞ்சலியில் யாருக்குப் பொன்னாடை போர்த்த முடியும்? முன்னால் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பொன்னாடை இரண்டு கைகளிலும் கிடக்க, தலை குனிந்தார். மாணிக்கம் அங்கிளும் எழுந்து நின்றிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தைகள்கூட நின்றார்கள். வெளியே சாப்பாட்டுப் பாத்திரத்தில் கரண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குச்சி தட்டியது. பிறகு இரண்டாவது.

கார்மென் கண்ணைத் திறந்தார். எதிரே அரங்கம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஒரு நொடி அவர் உதடு அசைந்து நின்றது. பிறகு மறுபாதியை ஆரம்பித்தார்.

வரிகளை அப்படியே எழுத எனக்கு அனுமதியில்லை. பொருளை மட்டும் சொல்லலாம் என்றார். ‘உன் வண்டியை நிறுத்திக்கொள், சாவியை எடுத்துக்கொண்டு போ. நீ வாங்கி முடித்து வரும்வரை உன் வண்டிக்குக் கீழே நாங்கள் இருப்போம். நீ போன பிறகும் இருப்போம்.’ கோபமே இல்லாத குரல். தள்ளுவண்டிக் கொட்டகை வரும், விளக்குக் கம்பம் வரும், எந்தக் கம்பத்தடியில் எந்தக் குடும்பத்தார் என்று வரும். நாம் ஒவ்வொரு வாரமும் வண்டி நிறுத்தும் இடங்கள்.

அமருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான், என் மைக் தரையில் கிடந்தது. அதனால் அரங்கம் முழுப்பாட்டையும் நின்றுகொண்டே கேட்டது. முடிந்ததும் ரமேஷ் அங்கிள்தான் என்னைப் பார்த்து, சின்னப் பையன் மாதிரிக் கேட்டார்: “இப்பப் போடலாமா?” தலையசைத்தேன். போட்டார்.

சாப்பாட்டு வரிசையில் மாணிக்கம் அங்கிள் என்னைத் தேடி வந்தார். தட்டில் வெண்பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

“ஏங்கண்ணு, என்னைய நிக்க வெச்சுக் கேக்க வெச்சுப்போட்டியே.”

“சாரி அங்கிள். அது வேற வழி...”

“உக்காந்திருந்தா போனைப் பாத்துட்டு இருந்திருப்பேன். நின்னதால கேட்டுப்போட்டேன்.” தட்டைக் கை மாற்றிக்கொண்டார். “அந்த மூணாவது லைட்டுக் கம்பம்னு வருதில்ல, அங்கதான் எங்க லோடு வண்டி நிக்கும். தெனமும். எனக்கு யாருமே சொல்லலையே கண்ணு.”

கார்மென் பக்கத்தில்தான் இருந்தார். நாங்கள் பேசியதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “செவ்வாய்க்கிழமை ஹியரிங்” என்றார். மாணிக்கம் அங்கிள் தட்டோடு நகர்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நம்மவர்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும், கார்மென் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் வந்திருந்தார்கள். மாணிக்கம் அங்கிள் கடைசி வரிசையில், யாரோடும் சேராமல் உட்கார்ந்திருந்தார். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றபோது மைக்குக்குப் போனார். அவருடைய ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்தி அவர் சொன்னது இதுதான்: எனக்குப் பெரிய கடை வேண்டும், அது உண்மை. ஆனால் என் லாரி நிற்கும் இடத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் கட்டித் தந்தால் அந்தக் கடையில் நான் சாமி படம் மாட்ட முடியாது. முதலில் அவர்களோடு சேர்ந்து அந்த நிலத்தைப் பாருங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்.

யாரும் கைதட்டவில்லை. முடிவை மன்றம் தள்ளிவைத்தது. இன்றுவரை அது தள்ளித்தான் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று வெளியே வந்தபோது கார்மென் குச்சிகளைக் கட்டிவைத்தார். நம் பொன்னாடையில்தான் சுற்றினார். அதற்குப் பிறகு பிளாசாவுக்கு எப்போது போனாலும் குச்சிகள் அதற்குள்தான் இருக்கின்றன. மாணிக்கம் அங்கிளின் லாரி இப்போது தெருப்பக்கம் நிற்கிறது. இறக்குகிற பையன்களுக்குத் தூரம் அதிகம், திட்டுகிறார்கள். என் தோழியின் ஆறு வயது மகளிடம் தமிழில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அவள் அங்கே காரைவிட்டு இறங்கும்போது அந்தப் பாட்டின் கடைசி அடியை முணுமுணுக்கிறாள். கார்மெனிடம் இதைத் தயங்கித்தான் சொன்னேன், பாட்டு அவர்களுடையது ஆயிற்றே. “இடத்தைச் சரியாச் சொல்றாளா?” என்று மட்டும் கேட்டார். சொல்கிறாள் என்றேன். “அப்பப் பாடட்டும்.”

நான் கிளம்புகிறேன் என்று சொன்னதும் கார்மென் கேட்ட முதல் கேள்வி, “அடுத்து யாரு மைக் பிடிக்கிறாங்க? ரொம்பப் பேசுவாங்களா?”

உங்களைத்தான் சொன்னேன். வரும் தை விழாவுக்கு வர ஒத்துக்கொண்டிருக்கிறார். தேதி ரமேஷ் அங்கிளிடம் இருக்கிறது. புதுப் பொன்னாடையும் அவரிடம்தான் இருக்கும், இந்த முறை பாட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் வருவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நம்புங்கள், ஆனால் திரையோரம் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

குச்சிகள் நின்றதும் உங்களுக்குப் பேசத் தோன்றும். நிச்சயம் தோன்றும். முன்னதாகவே மைக்கைத் தரையில் வைத்துவிடுங்கள். கையில் இருந்தால் பேசிவிடுவீர்கள்.

தீபா